நாற்பதுகளின் கடைசியில் கருத்தடை மாத்திரை: போட்டவர்கள் சொல்லுங்கள்

எனக்கு 46 வயதில் பீரியட்ஸ் தாறுமாறானது. ஒரு தடவை மூன்று வாரத்திலேயே வந்து நிற்கும், அடுத்தது இரண்டு மாதத்துக்கு ஆளையே காணோம். வந்துவிட்டால் வெளியே தலைகாட்ட முடியாத அளவுக்கு ரத்தப்போக்கு. டாக்டரம்மா ஸ்கேன் எடுத்து, கருப்பையின் உள்சவ்விலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, பயப்பட ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாத்திரைப் பேச்சையே எடுத்தார். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹார்மோனும் சேர்ந்த கூட்டுக் கருத்தடை மாத்திரை. “இந்த வயசுல கருத்தடையா?” என்று கேட்டேன். “முட்டை வர்றது குறைஞ்சிருக்கு, நிக்கலையே” என்றார். அதுவும் சரிதான்.

போக்கு நன்றாகவே அடங்கியது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 21 நாள் போட்டு 7 நாள் விடும் அட்டை அது. விடும் அந்த வாரத்தில் மட்டும் உடம்பு குப்பென்று கொதிக்கும், ராத்திரி நைட்டி வியர்வையில் நனைந்துவிடும், யார் வாயைத் திறந்தாலும் எரிச்சல் வரும். அடுத்த அட்டையைத் தொடங்கினால் அடங்கிப் போகும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் வீட்டில். உண்மை நேர்மாறு. சினைப்பை கொடுக்காமல் விட்ட ஈஸ்ட்ரோஜனை மாத்திரை ஈடுகட்டிக்கொண்டிருந்தது, அதை விட்ட வாரத்தில் குட்டு வெளிப்பட்டது. இடைவெளியை 4 நாளாகக் குறைக்கலாம், இல்லை அட்டைகளை விடாமல் தொடரலாம் என்றார் டாக்டர். தொடர்ந்தே போட்டேன். நடுவில் எப்போதாவது லேசாகப் பட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்று. மாதாமாதம் வருகிறது, அதனால் மெனோபாஸ் இன்னும் ஆகவில்லை என்று கணக்குப் போடாதீர்கள். மாத்திரையை விடும்போது ஹார்மோன் இறங்குவதால் வரும் போக்கு அது. சினைப்பை ஓய்ந்துவிட்டிருந்தாலும் வரும். கூட்டு மாத்திரை போடும்போது மெனோபாஸ் ஆகிவிட்டதா என்று பார்க்கும் எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோன் ரத்தப் பரிசோதனையையும் நம்ப முடியாது, அதற்குச் செலவழிப்பது தண்டம். 50 ஆனதும், நன்றாக ஒத்துக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். வயது ஏற ஏற ரத்தக்கட்டு ஆபத்தும் ஏறுமாம். எனக்கு மனசே இல்லை.

~

அக்கா, எனக்கு அந்த மாத்திரையை எழுதித் தரவே மாட்டேன் என்றுவிட்டார்கள். எனக்கு ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன் கண்ணில் பளபளவென்று வளைந்த கோடுகள் தெரியும். அப்படி இருப்பவர்களுக்கு அந்த மாத்திரையில் பக்கவாத ஆபத்து அதிகமாம். 35 தாண்டிப் புகைபிடிப்பவர்களுக்கும் இது கூடாது. எனக்குக் கருப்பைக்குள், லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டோஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் சாதனம் வைத்தார்கள். போக்கு குறைந்தது, கருத்தடையும் ஆனது, வியர்வை மட்டும் விடவில்லை. அப்புறம் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டை கொடுத்தார்கள். மாத்திரை கூடாது என்றவர்களே இதைத் தருகிறார்களே என்று கோபமாகக் கேட்டேன். பட்டையில் இருப்பது உடம்பில் சுரக்கும் அதே ஈஸ்ட்ராடியால், குறைந்த அளவு, கல்லீரல் வழியாகப் போகாமல் நேரே ரத்தத்தில் கலப்பது, அதனால் இந்த ஆபத்தை அது கூட்டுவதாகத் தெரியவில்லை என்று விளக்கினார்கள். ஈஸ்ட்ரோஜனால் கருப்பையின் உள்சவ்வு தடித்துவிடாமல் உள்ளே இருக்கும் சாதனமே பார்த்துக்கொள்ளும் என்பதால் தனியாக புரோஜெஸ்டோஜன் மாத்திரை வேண்டியிருக்கவில்லை.

~

நான் போட்டேன், பாதியில் விட்டேன். பிரஷர் ஏறிவிட்டது. மாத்திரை போடுகிறவர்கள் அதைப் பார்க்காமல் விடாதீர்கள், ஏறினால் உடம்பு காட்டிக்கொடுக்காது. ரத்தக்கட்டு பற்றி டாக்டர் சொன்ன கணக்கு: மாத்திரை போடாத பெண்கள் பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு 2 பேருக்கு வரும், கூட்டு மாத்திரை போட்டால் வகையைப் பொறுத்து 5 முதல் 12 பேருக்கு. குறைவுதான், ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஓட வேண்டும்.

மாத்திரையை விட்ட பிறகு கருத்தடை எதுவரை என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஹார்மோன் எதுவும் போடாத நிலையில், கடைசி பீரியட்ஸ் 50-க்கு முன் என்றால் அதற்கப்புறம் 2 ஆண்டு, 50-க்குப் பின் என்றால் 1 ஆண்டு. 55 ஆகிவிட்டால் பொதுவாகத் தேவையில்லை. மெனோபாஸுக்குத் தரும் ஹார்மோன் சிகிச்சையைக் கருத்தடை என்று நினைத்துவிடாதீர்கள், அது முட்டை வெளியாவதைத் தடுக்கும் என்று உறுதியில்லை.