பழைய கிறிக்கற் பட்டில படம் கீறி விற்கப்போறம், வழி சொல்லுங்கோ

மாங்குளத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு ஊர்க் கழகத்தின்ர பொருளாளர் நான். கழக அறையில 11 பழைய பட் கிடக்குது. பிடி கழண்டது, கரை வெடிச்சது, முன்பக்கம் முழுக்கப் பந்து பட்ட சிவப்புத் தழும்போட இருக்கிறது எண்டு எல்லாம் இருக்கு. அதில ஒண்டு, மீள்குடியேறி வந்தாப்பிறகு 2012 இல வீட்டுக்கு வீடு காசு சேர்த்து வாங்கின முதல் பட். அதுவரைக்கும் பொடியள் தென்னம் மட்டையைச் செதுக்கித்தான் விளையாடினவங்கள். அந்த மட்டையிலயும் ரெண்டு மிஞ்சிக் கிடக்குது.

மைதானத்துக்கு ஒரு குழாய்க்கிணறு அடிக்கவேணும். ஆடி, ஆவணியில புல் எல்லாம் கருகி, பந்து போடுற இடம் பாளம் பாளமா வெடிச்சுப்போகும். ஊரில சித்திரம் படிப்பிச்சு ஓய்வுபெற்ற ரீச்சர் ஒராள் இருக்கிறா. யாழ்ப்பாணக் கம்பசில சித்திரம் படிக்கிற பிள்ளையள் மூண்டு பேரும் இருக்கினம். பட்டில கீறித்தாறம் எண்டு எல்லாரும் ஓமெண்டிட்டினம். வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் சுவரில மாட்ட வாங்குவினம் எண்டு நம்புறம்.

ரீச்சர் முதல் பட்டில இரணைமடுக் குளத்தின்ர வான்கதவுகளைக் கீறினவ. தண்ணி பாயிற இடத்தில வெள்ளையும் மண்ணிறமும் கலந்து, அப்பிடியொரு வடிவு. நாலாம் நாள் பார்த்தால் பெயின்ற் தோல் உரியிற மாதிரிச் சுருண்டு கையோட வருது. ரீச்சரின்ர முகத்தை எனக்குப் பார்க்கேலாமப் போச்சு. எங்க பிழை விட்டனாங்கள்? ஒரு பட்டுக்கு என்ன விலை வைக்கிறது? 1, 2, 3 எண்டு இலக்கம் போடுறதோ?

வவுனியா_தூரிகை:
தம்பி, ரீச்சரில பிழையில்லை. வருசக்கணக்கா லின்சீட் எண்ணெய் (ஆளிவிதை எண்ணெய்) குடிச்ச மரம் அது. எண்ணெய்க்கு மேல அக்ரிலிக், அதுதான் தண்ணியில கரைக்கிற பெயின்ற், பிடிக்காது. கடை பெயர்ப்பலகை எழுதி 30 வருசமாச் சீவிக்கிறன், உந்த உரிவை எத்தினையோ தரம் கண்டிட்டன்.

வெள்ளை மரம் தெரியுமட்டும் சாண்ட் பேப்பர் போடுங்கோ. முதல் முரடு, பிறகு நைஸ். ரேப், பிளாஸ்ரிக் உறை ஒட்டியிருந்தால் கிழிச்சு எடுத்து, பசையையும் சுரண்டிவிடுங்கோ. தேர்ப்பன்ரைன் தொட்ட துணியால துடைச்சு ரெண்டு நாள் நிழலில வையுங்கோ. வெயிலில வச்சால் வெடிப்பு நீளும். பிறகு தச்சாக்கள் பூசிற அரக்குப் பொலிஷ் ரெண்டு கை. எண்ணெய் மேல வராமல் அதுதான் மறிக்கும். அது காய்ஞ்சாப்பிறகுதான் அக்ரிலிக், கடைசியா மினுக்கமில்லாத வார்னிஷ்.

தென்னம் மட்டையில கை வைக்க முதல் தட்டிப்பாருங்கோ. மா மாதிரித் தூள் கொட்டினால் உள்ளுக்கு உளுத்துப்போச்சு.

ரொறன்ரோ_பொடியன்:
அண்ணை, ஓவியர் படத்தோட வந்த ஸ்கேட்போர்ட் (ஏறி நிண்டு ஓடுற சில்லுப் பலகை) பலகை ஒண்டு என்ர அறைச் சுவரில தொங்குது. ஏழு படை மேப்பிள் மரம். உதில உலகத்தில பெரிய சந்தையே இருக்கு. ஸ்கேட்போர்ட், உடுப்பு விக்கிற சுப்ரீம் கொம்பனிக்காக 2007 இல ஜப்பான் ஓவியர் தகாஷி முரகாமியும் 2009 இல இங்கிலாந்து ஓவியர் டேமியன் ஹர்ஸ்ற்றும் பலகை செய்தவை. அந்தக் கொம்பனி 1998 இலயிருந்து 20 வருசமா விட்ட 248 பலகையளை ஒராள் ஒண்டும் விடாமல் சேர்த்தவர். 2019 தையில சோதபீஸ் ஏலத்தில அது மொத்தமா 8 லட்சம் டொலருக்குப் போனது.

உங்களுக்கு நான் முக்கியமாச் சொல்ல வாறது வேற. ஸ்கேட்போர்ட்டில படம் அடிப்பக்கத்திலதான் இருக்கும். மேல்பக்கம் கால் வைக்கிற சொரசொரப்பு. நீங்களும் பட்டின்ர பின்பக்கத்தில மட்டும் கீறுங்கோ. முன்பக்கத்தில கை வைக்காதேங்கோ, சாண்ட் பேப்பரும் வேண்டாம். அந்தச் சிவப்புத் தழும்புகள் உங்கட ஊர்ப் பொடியள் அடிச்ச அடி. பட்டைத் திருப்பினால் அது தெரியவேணும். அதுக்காகவே நான் ஒண்டு வாங்குவன்.

இலக்கத்தைப் பற்றி: ஒரே படத்தை 50 பலகையில அச்சடிச்சால்தான் 7/50, அதாவது 50 இல ஏழாவது எண்டு போடுறது. கையால கீறினது ஒவ்வொண்டும் தனி. கீறினவரின்ர கையெழுத்தும் வருசமும் காணும்.

மெல்பேர்ண்_அக்கா:
தம்பி, கையெழுத்துக் கதை வந்தபடியால் சொல்லுறன். சில பேர் பெரிய விளையாட்டு வீரரைப் பிடிச்சு ஒப்பம் வைக்கச் சொல்லுவினம், அதுக்குப் போகாதேங்கோ. 2009 இல அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் பிரான்ஸ் சைக்கிளோட்டத்தின்ர கடைசி நாள் ஓடின சைக்கிளை ஹர்ஸ்ற்தான் அலங்கரிச்சவர், உண்மையான வண்ணத்துப்பூச்சிச் செட்டையளை ஒட்டி. அந்த வருசமே ஏலத்தில 5 லட்சம் டொலருக்குப் போனது. காசு புற்றுநோய் நிதிக்குத்தான். செட்டைக்காக விலங்கு உரிமைக்காரர் அப்பவே கண்டிச்சவை. மூண்டு வருசத்தில ஊக்கமருந்து விசயத்தில, அந்த ஓட்டத்தில ஆம்ஸ்ட்ரோங் வெண்ட ஏழு பட்டமும் பறிபோனது. ஒரு பெயரை நம்பி வாங்கின பொருளுக்கு அந்தப் பெயர் விழுந்தால் என்ன கதி? உங்கட பட்டில ரீச்சரின்ர பெயரும் கழகத்தின்ர பெயரும் நிண்டால் எனக்குப் போதும்.

விலையை நீங்களாச் சொல்லாமல், குழாய்க்கிணத்துக்கு வாங்கின விலைமனுவை இதில போடுங்கோ. எவ்வளவு வேணுமெண்டு தெரிஞ்சால் ஆக்கள் கூடத் தருவினம். தென்னம் மட்டையை மட்டும் இஞ்ச அனுப்பாதேங்கோ. மரஞ்செடிச் சாமானில ஒஸ்ரேலியாக்காரர் சரியான கடுமை, பட்டையும் சொல்லித்தான் கொண்டுவரவேணும். விமானத்தில கொண்டுவாற ஆளிட்டக் குடுத்தால் கைப்பையில விடமாட்டினம், பெட்டிக்குள்ள வைக்கச் சொல்லுங்கோ.

மாங்குளத்தான்:
எல்லாருக்கும் நன்றி. தூரிகை அண்ணை சொன்னபடி கரை வெடிச்ச பட் ஒண்டின்ர பின்பக்கத்தைச் செய்து பார்த்தம். ரீச்சர் திரும்பவும் அதே வான்கதவைத்தான் கீறினவ. காய்ஞ்சு ஒரு கிழமை விட்டு செலோரேப் ஒட்டி இழுத்தன். ஒரு பொட்டும் வரேல்லை. ரீச்சர் ரேப்பை என்ர கையால வாங்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்திட்டு, மற்றப் பட்டுகளையும் கொண்டுவாங்கோ எண்டா. முன்பக்கங்களை அப்பிடியே விடுறம். தென்னம் மட்டை ரெண்டும் உளுக்கேல்லை, அதுகள் கழக அறையிலயே இருக்கட்டும். ஞாயிறு கூட்டத்தில கேட்டிட்டு விலைமனுவை இதில போடுறன்.