'ஆர்' பின்னால் ஒரு கோலன்

பச்சைமை:
திருத்தத்துக்கு வந்த ஆங்கில அறிக்கையில் இந்த வரி: 'தி டூல்ஸ் ஆர்: எ ஹேமர், எ சா அண்ட் எ டிரில்.' இன்னும் கண்ணை உறுத்துகிறது. என்னென்ன கருவி என்று சொல்ல 'ஆர்' வாயெடுக்கும்போதே கோலன் (:) வந்து வாயைப் பொத்துகிறது. கோலனுக்கு முன்னால் உள்ளதை மட்டும் வாசியுங்கள். அங்கேயே முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியம் நிற்க வேண்டும். 'தி டூல்ஸ் ஆர்' நிற்காது. கோலனை எடுத்துவிடலாம், இல்லையென்றால் 'வி நீட் த்ரீ டூல்ஸ்:' என்று மாற்றலாம். 'இன்க்ளூட்', 'சச் ஆஸ்' பின்னாலும் இதே கோளாறு.

இருபுள்ளி:
ஓடும் வாக்கியத்தில் சரி. பட்டியலை வரிவரியாகக் கீழே இறக்கினால் 'ஆர்' பின்னால் கோலனைப் பலர் ஏற்கிறார்கள். என்னைக் கடுப்பேற்றியது வேறு: பட்டியலுக்கு முன் கோலனும் அதை ஒட்டி ஒரு கோடும். பழைய அச்சுப் பழக்கம், இன்று கோலன் மட்டும் போதும். அதற்கு முன்னால் ஸ்பேஸ் விடுவது பிரெஞ்சு வழக்கம். ஆங்கிலத்தில் முன்னால் ஒட்டி, பின்னால் ஒரு ஸ்பேஸ். விகிதத்திலும் (3:1) மணியிலும் (10:30) அதுவும் கிடையாது.

ஓரக்குறிப்பு:
'ஹி ஹேட் ஒன் ஃபால்ட்; ஹி நெவர் லிசன்ட்.' இந்த அரைப்புள்ளியை (;) தாண்டிப் போக முடியவில்லை. 'ஒன் ஃபால்ட்' என்றதும் என்ன குறை என்ற கேள்வி எழுகிறதே, அதற்கான பதிலைக் கோலன்தான் கொண்டுவரும். அரைப்புள்ளி இரண்டு செய்திகளைப் பக்கத்தில் உட்காரவைக்கும், அவ்வளவுதான்.

இருபுள்ளி:
அப்படியே 'ஹி நெவர்' என்பதில் ஹெச் பெரிய எழுத்தா என்றும் அடுத்த சண்டை வருமே. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்), ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) நடைக்கையேடுகள் இரண்டிலும் கோலனுக்குப் பின் முழு வாக்கியம் வந்தால் பெரிய எழுத்து. சிகாகோ நடைக்கையேட்டில் ஒரே வாக்கியம் என்றால் சிறியது. இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்தால்தான் பெரியது. பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் சிறியதே. வெறும் சொற்பட்டியல் என்றால் எங்கும் சிறியதுதான், பெயர்ச்சொற்கள் விலக்கு. ஓர் ஆவணத்துக்குள் இரண்டையும் கலக்காதீர்கள். கடிதத்தில் 'டியர் சர்' பின்னால் கோலன் அமெரிக்க முறை, கமா பிரிட்டிஷ் முறை.

பச்சைமை:
பெயர்ச்சொற்கள் இல்லை, சிறப்புப் பெயர்கள். 'ஹேமர்' கூடப் பெயர்ச்சொல்தான், அதற்குப் பெரிய எழுத்து போடுவீர்களா?