ஹெடர் வரவில்லையா, கண்ணில் படவில்லையா?

சொந்தக் கணினியில் ஓடும் லோக்கல் சேர்வரில் ஹெடர் (பதிலோடு சேர்வர் அனுப்பும் தகவல் வரி) வரவில்லை என்று யார் கேட்டாலும், "எதில் பார்த்தீர்கள்?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். பலருடைய சிக்கல் அதிலேயே பிடிபட்டுவிடும்.

கொக்குவிலில் ஒரு சனசமூக நிலையத்துக்கு நூல் பட்டியல் செய்துகொண்டிருந்த தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணை, மொத்தம் எத்தினை புத்தகம் எண்டு ஹெடரில அனுப்புறன். அங்கால நல் எண்டுதான் வருது. சேர்வர் அனுப்பேல்லைப் போல." நல் என்றால் வெறுமை. ஹெடருக்கு எக்ஸ்-டோட்டல்-கவுண்ட் என்று பெயர் வைத்திருந்தார். தரவு தரும் பின்பக்கம் 8000ஆம் போர்ட்டில் ஓடியது, பிரவுசரில் தெரியும் முன்பக்கம் 5173இல்.

கட்டளை வரியிலிருந்து சேர்வரைக் கேட்டுப் பார்க்கும் கர்ல் என்ற கருவியை ஓட்டச் சொன்னேன். அதில் பெரிய ஐ (-I) போட்டால் ஹெடரை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கை போகும், சில சேர்வர்கள் அதற்கு வேறு மாதிரிப் பதில் தரும். அதனால் சின்ன ஐ (-i) போடச் சொன்னேன். ஹெடர் வந்திருந்தது. பிரவுசரின் நெட்வேர்க் பகுதியிலும் இருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் எடுத்தால் மட்டும் நல்.

இரண்டும் லோக்கல்ஹோஸ்ட்தான், ஆனால் போர்ட் மாறினாலே பிரவுசருக்கு அது வேறு ஒரிஜின், அதாவது வேறு இடம். அப்படி வரும் பதிலில் ஸ்கிரிப்ட் தானாக வாசிக்கக்கூடியவை ஏழு ஹெடர்கள்தான்: கேஷ்-கொன்ட்ரோல், கொன்டென்ட்-லாங்குவேஜ், கொன்டென்ட்-லெங்த், கொன்டென்ட்-டைப், எக்ஸ்பயர்ஸ், லாஸ்ட்-மொடிஃபைட், பிராக்மா. மற்றவை வந்து சேர்ந்தாலும் பிரவுசர் கையில் தராது. இன்ன ஹெடரைக் காட்டலாம் என்று சேர்வரே அக்சஸ்-கொன்ட்ரோல்-எக்ஸ்போஸ்-ஹெடர்ஸ் வழியாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் எண் வந்துவிட்டது. அந்த வரியில் நட்சத்திரக்குறி (*) போட்டால் எல்லாம் திறக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். குக்கீயோடு போகும் கோரிக்கையில் அது செல்லாது.

அதே தளத்தை வாசிகசாலைக் கணினியில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வருக்குப் பின்னால் வைத்தபோது இன்னொன்று கிளம்பியது. பாதுகாப்பு ஹெடர்கள் சில பக்கங்களில் வந்தன, சிலவற்றில் இல்லை. அதன் கொன்ஃபிக் (அமைப்பு) பைலில் மேலே சேர்வர் பகுதியில், ஹெடர் சேர்க்கும் ஆட்_ஹெடர் வரிகள் இருந்தன. கீழே ஒரு லொக்கேஷனுக்குள் (குறிப்பிட்ட முகவரிப் பாதைக்கான பகுதி) கேஷுக்காக இன்னொரு ஆட்_ஹெடர். கீழே ஒன்று இருந்தால் போதும், மேலே உள்ளவை ஒன்றுகூட இறங்காது. ஆவணத்தில் எழுதியிருக்கிறார்கள், உண்மைதான், ஆனாலும் இந்த நடத்தை எனக்குப் பிடிக்கவே இல்லை. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பாதுகாப்பு போய்விடுகிறது. 404, 500 போன்ற பிழைப் பக்கங்களில் ஹெடர் இல்லாவிட்டால் அது வேறு விஷயம்: வரியின் முடிவில் ஆல்வேய்ஸ் என்று சேர்க்க வேண்டும். அப்பாச்சி என்ற வெப் சேர்வரிலும் ஹெடர் ஆல்வேய்ஸ் செட் என்றுதான் எழுத வேண்டும்.

பிஎச்பி நிரல்மொழியில் தமிழ் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய நோட்பேட்டில் யுடிஎஃப்-8 என்று சேமித்தால் பைலின் தலையில் பிஓஎம் என்ற, எழுத்துமுறையைக் குறிக்கும் மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும். 2019 மே மாத விண்டோஸ் 10 வெளியீட்டில்தான் அந்த வழக்கத்தை மாற்றினார்கள். ஹெடர் பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு முன்னால் போக வேண்டியது. கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்று பைட் முதலில் வெளியே போய்விட்டால், அதற்குப் பிறகு கூப்பிடும் ஹெடர் ஒன்றும் போகாது. வெளியீட்டைச் சேர்த்துவைத்து அனுப்பும் அவுட்புட் பஃபரிங் 4096 பைட் என்று இருக்கும் கணினியில் இது தெரியாது. அது அணைந்திருக்கும் கணினிக்குக் கொண்டுபோனதும் உடையும். பிழைகளைத் திரையில் காட்டாத அமைப்பு என்றால் லொக் பைலில்தான் தேட வேண்டும்.

கர்லிலும் இல்லை, பிரவுசரிலும் இல்லை, கொன்ஃபிக்கில் மட்டும் இருக்கிறது என்றால், அந்தப் போர்ட்டில் உண்மையில் எந்த நிரல் கோரிக்கைக்குக் காத்திருக்கிறது என்று பாருங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்பது 127.0.0.1ஆகவும் இருக்கலாம், ஐபிவி6இன் ::1ஆகவும் இருக்கலாம். நிறுத்த மறந்த பழைய சேர்வர் ஒரு முகவரியிலும், புதியது மற்றதிலும் ஓடலாம். இரண்டு முகவரிக்கும் தனித்தனியாகக் கர்ல் அடித்து, வரும் பதிலை முழுதாக இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.