சூப்பராகிளாட்டிக் கருவி வழியாக இன்டியூபேஷன்: கலைச்சொல்

> 'மேல்குரல்வளைக் கருவிவழி ஒளியிழைக் குழாய்ச் செருகல்' என்று வைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

தொண்டையில் வைக்கும் சுவாசக் கருவி (சூப்பராகிளாட்டிக் கருவி) வழியாக, உள்ளே பார்க்கும் நோக்கியின் துணையோடு மூச்சுக்குழலுக்குள் சுவாசக் குழல் போடுவதற்கு (இன்டியூபேஷன்) நீங்கள் வைத்த சொல்லில் எனக்கு இடறுவது மூன்று இடங்கள்.

முதலில் 'மேல்குரல்வளை'. படிப்பவர் குரல்வளையின் மேல்பாதி என்று எடுத்துக்கொள்வார். ஆனால் இந்தக் கருவி குரல்நாண்களைத் தாண்டிப் போவதில்லை. தொண்டையின் அடியில் குரல்வளை வாயிலைச் சுற்றி அமர்ந்து, காற்றை உள்ளே அனுப்புகிறது. 'குரல்வளைக் கவசம்' என்றார் இன்னொரு நண்பர். பிரிட்டிஷ் மயக்க மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன் 1981-ல் முதன்முதலில் பயன்படுத்திய லாரிஞ்சியல் மாஸ்க் என்ற, குரல்வளை வாயிலை மூடி அமரும் கருவிக்கு அது பொருந்தும், ஆனால் மாஸ்க் வடிவமே இல்லாத கருவிகளும் இந்த இனத்தில் உண்டு. 'மிடற்றுக் கருவி' போதும் என்பேன். மிடறு என்றால் இன்று ஒரு வாய்த் தண்ணீர்தான் நினைவுக்கு வரும், சரி. ஆனால் நஞ்சு கீழே இறங்காமல் நின்ற இடத்தை வைத்துத்தானே சிவனுக்கு நீலமிடற்றன் என்று பெயர்! நம் கருவியும் அங்கேயே நின்றுவிடுகிறது.

அடுத்து 'ஒளியிழை'. உள்ளே பார்க்க நுழைக்கும் வளையும் நோக்கியை (ஃபைபர்ஆப்டிக் ஸ்கோப்) வைத்து வந்த சொல் இது. இப்போது வரும் நோக்கிகள் பலவற்றில் படத்தைக் கொண்டுவரும் கண்ணாடி இழைகளே கிடையாது. நுனியில் சிறு கேமரா இருக்கிறது. இழையைப் பெயரில் கட்டினால் சொல் சீக்கிரமே பழசாகிவிடும். 'நெகிழ்நோக்கி' என்பதே நல்லது.

பெரிய சிக்கல் 'செருகல்'தான். வாய்வழியே குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பால் குழல் போடுவது தோற்றுப்போய், மிடற்றுக் கருவியால் ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும் நிலையைப் பாருங்கள். சிக்கலான சுவாசப்பாதைகளைக் கையாள்வது பற்றி வழிகாட்டும் பிரிட்டனின் மருத்துவர் சங்கமான டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015-ல் வெளியிட்ட வழிகாட்டி இந்த இடத்தில் நின்று யோசிக்கச் சொல்கிறது. நோயாளியை எழுப்பலாம், அல்லது இந்தக் கருவி வழியாகவே குழல் போடலாம், ஆனால் பார்த்துப் போட வேண்டும். பார்க்காமல் தள்ளினால் குழல் உணவுக்குழலுக்குள் போகலாம், காயமும் ஆகலாம். 'செருகல்' என்ற சொல்லில் அந்தத் தள்ளல்தான் கேட்கிறது.

என் பரிந்துரை: 'மிடற்றுக் கருவிவழி நோக்கிக் குழலிடல்'. 'நோக்கி' இங்கே கருவியின் பெயராகவும் நிற்கிறது, 'பார்த்து' என்ற வினையெச்சமாகவும் நிற்கிறது. பார்க்காமல் போடுவதற்கு 'நோக்காக் குழலிடல்' என்று எதிர்ச்சொல்லும் தானாகக் கிடைத்துவிடுகிறது. 'மூச்சுக்குழல்' உடலுறுப்பின் பெயராக இருப்பதால், உள்ளே போகும் பொருளை வெறும் 'குழல்' என்றே வைத்துக்கொள்வோம்.

அப்புறம் ஐன்ட்ரீ கத்தீட்டர் என்ற, குழலுக்கு வழிகாட்டும் நீண்ட உள்ளீடற்ற குழாய்க்குப் பெயர் வைப்பது பாக்கி இருக்கிறது. 56 செ.மீ. நீளம், உள்விட்டம் 4.7 மி.மீ. நோக்கியின் மேல் இதைக் கோத்து மூச்சுக்குழலுக்குள் இறக்கி, நோக்கியையும் மிடற்றுக் கருவியையும் உருவிவிட்டு, இதன் மேலாகவே குழலை இறக்குவார்கள். சாதாரணக் குழலை மிடற்றுக் கருவி வழியே நேராகப் போட்டால், கருவியை வெளியே எடுக்கும்போது குழலின் நீளம் பற்றாமல் அதுவும் கூடவே வந்துவிடக்கூடும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. 'இடைக்குழல்' என்று வைத்திருக்கிறேன். 'வழிக்குழல்' என்பாரும் உண்டு. எது காதுக்குச் சட்டென்று பிடிபடுகிறது?