தடுப்புச்சுவர் வயிறு தள்ளியிருக்கிறது: செலவு யாருடையது, பேச்சை எப்படித் தொடங்குவது?

கேள்வி: சாட்ஸ்வர்த் வாசி

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தின் பேவியூ சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மகசின் பேரக்ஸில் குடியிருந்த என் பாட்டனார் குடும்பம் 1960களில் இங்கே குடியேற்றப்பட்டபோது, மலைச்சரிவைப் படிபோல வெட்டித்தான் வீடுகளைக் கட்டியிருந்தார்கள். அதனால் மேல்வீட்டு முற்றம் எங்கள் கொல்லையைவிட உயரத்தில் இருக்கிறது. அந்த மண்ணைத் தாங்குவதற்காக என் தந்தையார் 1980களில் 1.2 மீட்டர் உயரத்துக்குச் சிமெண்ட் கல்லால் ஒரு தடுப்புச்சுவர் எழுப்பினார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மேல்வீட்டார் அதே சுவரின் மேல் மூன்று வரிசைக் கல் ஏற்றி, பின்புறம் மண் நிரப்பிச் சமன்செய்து, கார் நிறுத்துவதற்காக முற்றம் முழுவதும் தளக்கல் பதித்தார்கள். தொடங்கும் முன் என்னிடம் கேட்டார்கள். நானும் சரி என்றேன். சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு சுவர் நடுவில் வயிறு தள்ளிவிட்டது. இரு முனைகளுக்கும் நூல் பிடித்துப் பார்த்தபோது நடுப்பகுதி நான்கு விரல் அளவு வெளியே வந்திருந்தது. கல் இடுக்குகளில் படிக்கட்டுபோல ஒரு விரிசலும் ஓடுகிறது. வந்து பார்த்த கொத்தனார், தடிமனாக ஒரு பூச்சுப் பூசினால் போதும் என்றார். மற்றொருவர் இடித்துக் கட்ட 38,000 ராண்ட் ஆகும் என்றார்.

இந்தச் செலவு யாருடையது? மேல்வீட்டுப் பெரியவர் என் தந்தையாரின் நண்பர்; நான் அவரைப் பெரியப்பா என்றே அழைக்கிறேன். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவர்கள் வீட்டுச் சாப்பாடு இந்தச் சுவருக்கு மேலாகத்தான் எங்களுக்கு வரும். அந்த உறவு முறியாமல் இதை எப்படிப் பேசுவது என்பதும் என் கேள்வியில் பாதி.

பதில்: வடிகால் வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தவர்

முதலில், பூச்சுப் பூசாதீர்கள். பூச்சு விரிசலை மறைக்கும். சுவரைத் தள்ளும் விசையில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்காது.

தடுப்புச்சுவரின் உயரத்தைக் கூட்டும்போது அதன்மேல் விழும் மண் தள்ளுவிசை உயரத்தின் இருமடிக்கு (உயரம் × உயரம்) ஏற்பக் கூடுகிறது. சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசையோ மும்மடிக்கு (உயரம் × உயரம் × உயரம்) ஏற்பக் கூடுகிறது. ஒரு வரிசைக் கல்லும் சாந்தும் சேர்ந்து 20 சென்டிமீட்டர் என்று வைத்தால், மூன்று வரிசையில் சுவர் 1.2 மீட்டரிலிருந்து 1.8 மீட்டர் ஆகியிருக்கிறது. உயரம் ஒன்றரை மடங்குதான், ஆனால் தள்ளுவிசை இரண்டேகால் மடங்கு, கவிழ்க்கும் விசை மூன்று மடங்குக்கும் மேல். நீர் நன்றாக வடியும் மணல் என்று கொண்டு கணக்கிட்டால், ஒரு மீட்டர் நீளத்துக்கு முன்பு சுமார் 430 கிலோ எடையளவு தள்ளிய மண் இப்போது ஏறக்குறைய ஒரு டன் அளவு தள்ளுகிறது. உங்கள் தந்தையார் போட்ட அடித்தளம் இதற்காகப் போடப்பட்டதன்று.

அதைவிடப் பெரிய சுமை தண்ணீர். சுவருக்குப் பின்னால் நீர் மேல்மட்டம் வரை தேங்கினால், அதே ஒரு மீட்டர் நீளத்தில் தள்ளுவிசை இரண்டு டன்னைத் தாண்டும். முற்றம் 80 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 8,000 லிட்டர். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது நம் வட்டாரத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்ததை நாம் கண்டோம். தளக்கல் பதிப்பதற்கு முன் அந்த நீர் புல்லிலும் மண்ணிலும் பரவி இறங்கியது. இப்போது தளத்தின் சாய்வு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக மொத்தமாக வந்து சேர்கிறது. டர்பன் மேடுகள் பலவற்றில் உள்ள, பெரியா (Berea) என்று பெயர்பெற்ற செம்மணல் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். நனைந்தால் பிடிப்பை இழந்துவிடும். நிரப்பிய மண்ணும் அதுவாக இருந்தால் கவலை கூடுதல்.

ஒரு கேள்விக்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். சுவரின் அடிப்பகுதியில், கொத்தனார்கள் வீப் ஹோல் என்று சொல்லும் நீர்வடி துளைகள் இருக்கின்றனவா? மழைக்கு மறுநாள் அவற்றிலிருந்து நீர் வருகிறதா?

கேட்டவரின் மறுமொழி

துளைகள் ஐந்து இருந்தன. அவற்றிலிருந்து வந்த செந்நீர் கொல்லைத் தரையைக் கறைப்படுத்தியதால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டேன். அது தவறு என்று அப்போது எனக்குத் தெரியாது. எழுதவே மனம் கூசுகிறது. ஆனாலும் மறைக்க விரும்பவில்லை.

பதில்: ஃபீனிக்ஸ் வாசி, சட்ட அலுவலகத்தில் பணிபுரிபவர்

இதை மறைக்காமல் சொன்னது நல்லது. வழக்கென்று போனால் முதலில் வெளியே வருவது இதுதான். சேதத்தில் உரிமை கோருபவரின் தவறும் கலந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் 34ஆம் எண் இழப்பீட்டுப் பகிர்வுச் சட்டப்படி, அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே முழுச் செலவையும் பெரியப்பாவிடமே கேட்பது உங்களுக்கு நியாயமாகவும் இருக்காது, நிலைக்கவும் செய்யாது. அதற்காக அவர் பொறுப்பு நீங்கிவிடுவதுமில்லை.

மேட்டு நிலத்திலிருந்து இயல்பாக வழியும் நீரைத் தாழ்ந்த நிலத்தார் ஏற்க வேண்டும் என்பது, நம் நாட்டுச் சட்டத்துக்கு அடிப்படையான பழைய ரோமன்-டச்சு விதி. செயற்கையாகத் திரட்டி, ஒருமுகப்படுத்தி விடும் நீருக்கு அந்த விதி இடம் கொடுப்பதில்லை. நகர மனைகளில் இவ்வாறு நீரை விடும் உரிமை பற்றி ப்ளூம்ஃபொன்டைன் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் ஆராய்ந்தபோதும், நிலத்தின் இயல்பான நீரோட்டம் எது என்பதே கேள்வியின் மையமாக நின்றது. தேசியக் கட்டட விதிகளும், கட்டடத்திலிருந்தும் தளமிட்ட பரப்பிலிருந்தும் வழியும் மழைநீரைக் கட்டுப்படுத்தி அகற்றும் ஏற்பாட்டை உரிமையாளர்மீதே சுமத்துகின்றன.

நீங்கள் 'சரி' என்று சொன்னது கல் ஏற்றுவதற்கான இசைவு. உங்கள் கொல்லைக்குள் சுவர் சாய்வதற்கான இசைவாக அதைக் கொள்ள முடியாது. ஆனால் புகார் கொடுக்க மாநகராட்சிக்கு ஓடும் முன் ஒன்றை யோசியுங்கள். 1977ஆம் ஆண்டின் 103ஆம் எண் கட்டட விதிமுறைச் சட்டத்தின்கீழ், மண்ணைத் தாங்காத, 1.8 மீட்டருக்கு மிகாத மதிலைச் சிறு வேலையாகக் கருதி முழு வரைபடத்திலிருந்து விலக்கு அளிக்க முடியும். மண்ணைத் தாங்கும் சுவர் எவ்வளவு குட்டையாக இருந்தாலும் அந்தச் சலுகைக்குள் வராது. மேல்வீட்டாரின் மூன்று வரிசைக்கு ஒப்புதல் இல்லாவிட்டால், உங்கள் தந்தையார் கட்டிய ஆறு வரிசைக்கும் ஒப்புதல் இருந்ததா என்ற கேள்வி உடனே எழும். வீட்டுப் பத்திரங்களோடு பழைய வரைபடம் இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லை முளைகளையும் கண்டுபிடியுங்கள். சுவர் முழுவதும் உங்கள் மனைக்குள் நிற்கிறதா, எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறதா என்பதைப் பொறுத்து உரிமை மாறும்.

சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே வாதிடலாம். ஆனால் அங்கே 20,000 ராண்ட் வரைதான் கேட்க முடியும். நீரை நிறுத்தும்படி தடையாணையும் அங்கே கிடைக்காது, அதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போக வேண்டும். சேதத்தையும் அதற்குக் காரணமானவரையும் அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் இழப்பீட்டு வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதால், நூல் பிடித்துப் பார்த்த தேதியை எழுதி, படம் எடுத்து வையுங்கள்.

பதில்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

சட்டமும் கணக்கும் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் மேல்வீட்டில் இருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். எங்கள் கீழ்வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய விருந்தினர் இருக்கும்போது, வாசலில் நின்று சத்தம் போட்டார். என் கணவரும் பதிலுக்குச் சத்தம் போட்டார். எட்டு மாதம் பேச்சில்லை. அந்த எட்டு மாதமும் எங்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மேலிருந்து பார்த்தால் சமமான, சுத்தமான முற்றம் மட்டும்தான் தெரியும். சுவரின் முகம் கீழ்வீட்டாருக்குத்தான் தெரியும். பிறகு அந்த அக்கா என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். விரிசலுக்குள் என் சுண்டுவிரல் போயிற்று. அன்று மாலையே என் கணவர் கூரைக் குழாயைத் திருப்ப ஆள் தேடினார்.

ஆகவே, பெரியப்பாவைக் கீழே வந்து பார்க்கச் சொல்லுங்கள், வீட்டில் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் முன்னால் அல்ல, தனியாக. துளைகளை அடைத்தது நீங்கள்தான் என்பதை அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பணத்தைப் பற்றி அன்று பேச வேண்டாம்.

பதில்: வடிகால் வேலையில் இருந்தவர், மீண்டும்

இந்த அம்மா சொன்னதே சரியான வரிசை. அவர் வந்து பார்த்த பிறகு, மழை இல்லாத நாளில், அடைத்த சிமெண்டைக் கையுளியால் மெல்லக் கொத்தி எடுங்கள். அதிரும் துளைப்பொறி வேண்டாம், சுவருக்கு நேர் முன்னால் நிற்கவும் வேண்டாம். மேலே, தளத்தின் ஓரமாக ஒரு வாய்க்கால் அமைத்துக் கூரை நீரையும் சேர்த்துச் சாலையோர மழைநீர் வடிகாலுக்குக் கொண்டுபோக வேண்டும். கழிவுநீர்க் குழாயில் மழைநீரைச் சேர்க்கக் கூடாது. அது விதிக்கு முரண், கனமழையில் யாரோ ஒருவர் வீட்டுக்குள் அது பொங்கி வரும். இவ்வளவு வயிறு தள்ளிய சுவர் தானாகத் திரும்பாது. நிரப்பிய மண்ணை இறக்கிவிட்டு, பதிவுபெற்ற பொறியாளரின் வரைபடத்தோடு திரும்பக் கட்டத்தான் வேண்டும். அதுவரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கேட்டவரின் மறுமொழி

நேற்றுக் காலை பெரியப்பா கைத்தடியோடு இறங்கி வந்தார். துளைகளைப் பற்றி நானே முதலில் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வயிறு தள்ளிய இடத்தில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு, கூரைக் குழாய் இரண்டும் தளத்தின் மேலேயே விழுகின்றன என்று அவராகவே சொன்னார்.

இன்று மதியம் அவருடைய மகன் முன்னிலையில் முதல் துளையைத் திறந்தோம். மழை பெய்து ஒன்பது நாள் ஆகியும் சிவந்த நீர் கைவிரல் கனத்துக்கு வடிந்தது. இதை எழுதும்போதும் நிற்கவில்லை. மற்ற நான்கையும் நாளைத் திறக்கிறோம். பொறியாளருக்கான கட்டணத்தைப் பாதிப் பாதியாகக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். சுவர்ச் செலவைப் பொறியாளரின் அறிக்கை வந்தபின் பேசுவோம்.