அதே பணம்: 14 இரவு இன்சைடு கேபினா, 7 இரவு பால்கனியா?

நங்கூரம்
எங்கள் 25வது திருமண ஆண்டுக்கு நானும் மனைவியும் முதல்முறையாக க்ரூஸ் போகிறோம். மத்தியதரைக் கடல். ஒதுக்கிவைத்த பணத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. 14 இரவு போகலாம், ஆனால் ஜன்னலே இல்லாத இன்சைடு கேபின். இல்லையென்றால் அதே கப்பலில் அந்தப் பயணத்தின் முதல் பாதி மட்டும், 7 இரவு, பால்கனி கேபின். என் மனம் 14 பக்கம் சாய்கிறது. போய்வந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 7 இரவு என்றால் 7 நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏறும் நாளில் வரிசையில் நின்று, பாதுகாப்புப் பயிற்சி முடித்து, கப்பல் கிளம்பும்போது சாயங்காலம் ஆகிவிடும். கடைசி இரவே பெட்டியைக் கட்டிக் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் சாப்பிட்டதும் இறங்க வேண்டியதுதான். ஆக உங்களுக்குக் கிடைப்பது 6 முழு நாள். 14 இரவில் 13 முழு நாள், இரட்டிப்புக்கும் மேல். விமானக் கட்டணம், விசா, முந்தைய நாள் ஹோட்டல் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். சாப்பாட்டு அறை, நீச்சல் குளம், அரங்கு ஆகியவற்றில் இன்சைடுகாரருக்கும் பால்கனிகாரருக்கும் வித்தியாசம் கிடையாது. பால்கனி என்று அவர்கள் கொடுப்பது இரண்டு நாற்காலியும் ஒரு குட்டி மேசையும்.

அலைமகள்
உங்கள் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது சார். பெரும்பாலான கப்பல்களில் டிப்ஸை ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று பில்லில் சேர்ப்பார்கள். இன்டர்நெட், பானங்கள் பேக்கேஜ் வாங்கினால் அதுவும் நாள் கணக்கு. துறைமுகத்தில் இறங்கிச் சுற்றும் செலவு தனி. 14 இரவுக்கு இதெல்லாம் இரட்டிப்பு. டிக்கெட் விலை சமம் என்பதால் மொத்தச் செலவும் சமம் ஆகிவிடாது.

அதுகூடப் போகட்டும். அந்த இருட்டைப் பற்றி ஒருவரும் சொல்ல மாட்டேன் என்கிறீர்களே! நானும் கணவரும் 10 இரவு இன்சைடில் இருந்தோம். விளக்கை அணைத்தால் மணி மூன்றா ஒன்பதா என்று தெரியாது. கப்பலின் முன்பக்கக் கேமராவைக் காட்டும் டிவி சேனலை இரவு முழுக்கச் சத்தமில்லாமல் ஓடவிட்டோம், அதில் வெளிச்சம் வந்தால் விடிந்தது என்று அர்த்தம். கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு கடலை டிவியில் பார்த்தோம் என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
டிப்ஸ் விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அதைச் சேர்த்தாலும் ஒரு முழு நாளுக்கு ஆகும் செலவு 14 இரவில்தான் குறைவு, போட்டுப் பாருங்கள். இருட்டு சிலருக்கு வரம். எனக்கு வீட்டில் வராத தூக்கம் அங்கே வந்தது. இன்னொன்று, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. உச்சித் தளத்தில் காசைக் கொட்டி எடுக்கும் அறைதான் அலை எழும்பினால் அதிகம் ஆடும்.

திண்ணைவாசி
இரண்டு பேரும் பாதை எது என்பதை விட்டுவிட்டுச் சண்டை போடுகிறீர்கள்.

அலாஸ்காவின் கிளேசியர் பே போனால் கப்பல் எங்கேயும் கட்டாது. பனியாறுகளுக்கு முன்னால் மெதுவாகத் திரும்பி நிற்கும், பார்ப்பதுதான் அன்றைய வேலை. நார்வேயின் கெய்ராங்கர் ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் ஒடுங்கிய கடல், சுமார் 15 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் செங்குத்து மலை, அருவிகள். அங்கெல்லாம் நாளைக் குறைத்துக்கொண்டாவது பால்கனி எடு என்பேன். மத்தியதரைக் கடலில் அநேகமாகத் தினமும் ஒரு துறைமுகம். காலையில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவீர்கள். கப்பல் கட்டியிருக்கும் நேரத்தில் பால்கனிக்கு எதிரே தெரிவது பல நாள் கன்டெய்னர்களும் பேருந்து நிறுத்துமிடமும்தான். அதற்கா அவ்வளவு காசு?

நாளும் வேண்டும், பால்கனியும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கரீபியனில் ஓடும் கப்பல்கள் பல வசந்தத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்கு வரும், இலையுதிர் காலத்தில் திரும்பும். தொடர்ச்சியாக ஐந்தாறு நாள் கரையே கிடையாது என்பதால் நாள் வாடகை மலிவாக இருக்கும். ஆனால் விமான டிக்கெட் ஒரு ஊருக்குப் போக, வேறொரு ஊரிலிருந்து திரும்ப. அட்லாண்டிக் காற்றில் அந்தப் பால்கனியில் எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்பது வேறு கதை.

அலைமகள்
"அறை தூங்குவதற்கு மட்டும்தானே" என்பதைக் களைப்பே தெரியாதவர்கள் சொல்லலாம். தினமும் ஒரு துறைமுகம் என்றால் நாலாம் நாள் கால் கெஞ்சும். ஒரு ஊரை விட்டுவிட்டுக் கப்பலிலேயே இருக்கலாம் என்று தோன்றும். அப்போது எங்கே உட்காருவீர்கள்? மேல்தளத்தில் இருக்கும் நாற்காலிகளில் காலையிலேயே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டுக் காணாமல் போயிருப்பார்கள். இதற்குத் தடை போட்ட கப்பல்களிலும் இதே கதைதான்.

திருமண நாள் கொண்டாடப் போகிறவர்களை 160 சதுர அடியில், ஜன்னல் இல்லாமல், 14 இரவு அடைத்துவைக்கச் சொல்கிறீர்கள். ஒருவர் தூங்கினால் மற்றவர் புத்தகம் படிக்கக் குளியலறைக்குள் போக வேண்டும். அந்தக் குளியலறையில் கையை நீட்டினால் சுவர் இடிக்கும்.

பாய்மரம்
நான் எந்தப் பக்கமும் இல்லை, இரண்டு விஷயம் மட்டும்.

14 இரவு என்று விற்பது பல நேரம் இரண்டு 7 இரவுப் பயணங்களை ஒட்டியது. இரண்டாம் பாதியில் அதே ஊர்கள் மறுபடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்த 13 நாள் கணக்கு பாதி பொய்.

அடுத்தது, அறை எண்ணைக் கப்பல்காரர்களே முடிவு செய்யும் கேரண்டி டிக்கெட் மலிவு என்று குதிக்காதீர்கள். அப்படி மலிவாக ஒரு ஜன்னல் அறை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே தொங்கிய உயிர்காக்கும் படகின் முதுகை 9 நாள் பார்த்தவன் நான். படகுக்கு ஆரஞ்சு வண்ணம். இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நங்கூரம்
எல்லோருக்கும் நன்றி. பாய்மரம் சொன்னதைப் பார்த்தேன். இரண்டாம் பாதியில் ஆறு துறைமுகம், அதில் மூன்று முதல் பாதியில் வந்தவையே. திண்ணைவாசி சொன்னது போல அநேகமாக எல்லாம் துறைமுக நாட்கள், கரையே தொடாத கடல் நாள் ஒரு பாதிக்கு ஒன்றுதான்.

அப்புறம், முதலிலேயே செய்திருக்க வேண்டியதை நேற்றுதான் செய்தேன். மனைவியிடம் கேட்டேன். இங்கே எழுதியதை எல்லாம் படித்துவிட்டு, "நீங்கள் குறட்டை விடும்போது நான் எழுந்துபோய் உட்கார ஒரு இடம் வேண்டாமா?" என்றாள். பால்கனிதான், 7 இரவு.

கணக்குப்பிள்ளை
குறட்டையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் 6 நாள் 6 நாள்தான். ஐந்தாம் நாள் காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஒரு நாள்தானா என்று தோன்றினால் மறைக்காமல் இங்கே வந்து எழுதுங்கள்.

அலைமகள்
அந்த நாற்காலியில் உட்காரப் போவது அவர் மனைவி. அவரை எழுதச் சொல்லுங்கள். நங்கூரம், பணம் கட்டுவதற்கு முன்னால் தளத்தின் வரைபடத்தில் அறை எண்ணைத் தேடிப் பாருங்கள், கீழே படகு எதுவும் நீட்டிக்கொண்டிருக்கப் போகிறது.