கிராஃபிக்ஸ் கார்டு கூலர் மாத்தியும் ஹாட்ஸ்பாட் 100ஐ தாண்டுது, ஹெல்ப் பண்ணுங்க

என்கிட்ட இருக்குறது ஜிடிஎக்ஸ் 1070 கிராஃபிக்ஸ் கார்டு, ஒத்த ஃபேன் ப்ளோயர் மாடல். கேம் போட்டா 83 டிகிரிலயே நிக்கும், சத்தம் மிக்ஸி ஓடுற மாதிரி, அதனால போன ஞாயித்துக்கிழம மூணு ஃபேன் ஆஃப்டர்மார்க்கெட் கூலர் மாட்டுனேன். கோயம்புத்தூர், ரூம்ல 31 டிகிரி, ஏசி கிடையாது.

ஃபர்மார்க் (கார்டுக்கு முழு லோடு குடுக்குற டெஸ்ட்) 20 நிமிஷம் ஓட்டுனா கோர், அதாவது சிப்போட பொதுவான டெம்பரேச்சர், 66தான், ஆனா ஹாட்ஸ்பாட் (அதே சிப்புல ரொம்ப சூடான இடம்) 102. இவ்ளோ வித்தியாசம் வரக்கூடாதுல்ல? சத்தம் சூப்பரா கொறஞ்சிருச்சு, போன் ஆப்ல ஒரு அடி தள்ளி வெச்சு பாத்தா 47 டெசிபல் இருந்தது இப்ப 38 (போன் மைக்க எவ்ளோ நம்பறதுன்னு வேற இருக்கு).

சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற தெர்மல் பேஸ்ட்ட ரெண்டு தடவ மாத்திட்டேன், ஸ்க்ரூவ குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணேன், கேஸ் சைடு மூடிய கழட்டி வெச்சும் பாத்தேன், 2 டிகிரிகூட எறங்கல. ரெண்டாவது தடவ கழட்டுனப்ப சிப்போட ஒரு ஓரத்துல பேஸ்ட் நசுங்காம தடிப்பா, வெச்ச மாதிரியே இருந்துச்சு, அந்த பக்கத்து மெமரி சிப் மேலதான் 1.5 எம்எம் தெர்மல் பேட் (சூட்ட கூலருக்கு கடத்துற மெத்து) ஒட்டிருக்கேன், அதோட தடிப்புதான் கூலர அந்த பக்கம் தூக்கி பிடிக்குதோன்னு டவுட்டு.

பேட கழட்டிட்டு 1 எம்எம் போட்டா சரியாகுமா, இல்ல ஸ்க்ரூவுக்கு வாஷர் போட்டு அழுத்தத்த கூட்டணுமா?